பச்சைச் சுவர்

மார்கழி பத்தாம் தேதிதான் கெங்குவார்பட்டியில் என் தங்கச்சி வீட்டு உள்பூச்சு முடிந்தது. ஐப்பசியும் கார்த்திகையும் மழை பிடித்துக்கொண்டதில் வேலை அவ்வளவு தள்ளிப்போயிருந்தது. தை முதல் வாரத்தில் பால் காய்ச்ச நாள் குறித்து, பத்திரிகையும் அடித்தாயிற்று. கொத்தனார் சாரத்தைப் பிரித்த கையோடு தங்கச்சி பெயிண்டரைக் கூட்டி வந்தாள்.

அவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். நாங்கள் நீட்டிய கலர் அட்டையை அவர் வாங்கவே இல்லை. உள்ளங்கையைச் சுவரில் பதித்துப் பார்த்தார். பிறகு புறங்கையை வைத்தார். குனிந்து தரையோரத்தைத் தடவினார்.

“இது இன்னும் பச்சைச் சொவரு தாயி. இப்ப பெயிண்ட்டப் போத்துனா உள்ள இருக்கற தண்ணி எங்கிட்டுப் போகும்? மாசி பொறக்கட்டும்.”

“பால் காய்ச்சறப்ப வீடு வெறும் சிமெண்ட்டாவா நிக்கும்? நாலு பேரு என்ன சொல்லுவாக?”

“பால் காய்ச்ச அடுப்புதான தாயி வேணும்” என்றார் அவர்.

வேண்டாம் என்று சொன்னதால் அவருக்குப் பத்து நாள் கூலி தள்ளிப்போனது. அது தெரிந்தேதான் சொன்னார். இந்த வாரம் அந்த மனிதருடைய சொல்லைப் பற்றித்தான் எழுத நினைக்கிறேன்.

பச்சை என்பது நமக்கு வெறும் நிறமல்ல. சுடாத செங்கல் பச்சைக்கல். பிள்ளை பெற்று எழுந்தவளுக்குப் பச்சை உடம்பு. அவளை நாற்பது நாள் வேலைக்கு விடமாட்டோம், காற்றுப் படாமல் பார்த்துக்கொள்வோம். பூசி முடித்த சுவரும் அந்த மாதிரிதான். பார்வைக்கு முழுசாகத் தெரியும், உள்ளே ஆறியிருக்காது.

ஈரத் துணி காய்வதுபோல சிமெண்ட் காய்ந்து இறுகுவதில்லை. தண்ணீரோடு வினைபுரிந்துதான் இறுகுகிறது. அதனால்தான் பூசிய பிறகு குறைந்தது ஏழு நாள் சுவரை நனைக்கச் சொல்கிறார்கள். அந்த வினையில் சுண்ணாம்பும் பிறக்கிறது. வெற்றிலைக்குத் தடவுகிறோமே, அதே நீர்த்த சுண்ணாம்பு. புதுப் பூச்சின் காரத்தன்மை பி.எச். அளவில் 12க்கும் மேலே நிற்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சளைக் கரைத்துச் சுண்ணாம்பைச் சேர்த்ததும் தண்ணீர் ரத்தமாகச் சிவக்கிறதே, அப்படிச் சிவக்க வைக்கும் காரம்தான் புதுச்சுவர் முழுக்க ஊறிக் கிடக்கிறது.

அதன் மேல் எண்ணெய் கலந்த எனாமலை அடித்தால் எண்ணெயும் காரமும் சேர்ந்து சோப்பாகிவிடும். பெயிண்ட் பிசுபிசுக்கும், பிறகு தோல் தோலாக உரியும். எமல்ஷன் அடித்தால் வேறு தொல்லை. அது சுவர்மேல் மெல்லிய பிளாஸ்டிக் தோலாகப் படிகிறது. உள்ளே அடைபட்ட ஈரம் வெளியே வரப் பார்க்கும்போது அந்தத் தோல் கொப்புளிக்கிறது. ஈரத்தோடு கரைந்து வரும் உப்பு, மேலே வந்து வெள்ளையாகப் பூக்கிறது. சில நிறங்களையும் காரம் தின்றுவிடும். பிரஷ்யன் நீலம் காரத்தில் வெளுத்துப்போகிற நிறம்.

இதைப் படித்துத் தெரிந்துகொண்டவன் இல்லை நான், பட்டுத் தெரிந்துகொண்டவன். என் வீடு கட்டியபோது பூச்சு முடிந்த பதினைந்தாம் நாளே பெயிண்ட் அடித்தோம். வேலையை எடுத்தவருக்கு அடுத்த வேலை காத்திருந்தது, எனக்குக் குடிபோகும் நாள் நெருங்கியிருந்தது. அடுத்த ஐப்பசிக்குள் படுக்கையறைச் சுவர் முட்டு முட்டாகப் பொருமிவிட்டது. அடுப்படியில் இடுப்புயரத்துக்கு அடித்த எனாமலை என் மனைவி விரல் நகத்தாலேயே உரித்துக் காட்டினாள். அம்மா தினமும் காலையில் உதிர்ந்த சுண்ணத்தைக் கூட்டி அள்ளுவாள். ஒரு வார்த்தை சொன்னதில்லை. எல்லாவற்றையும் சுரண்டி எடுத்து மறுபடி அடித்த செலவைவிட, அவள் குனிந்து கூட்டிய காட்சிதான் எனக்கு இன்னும் ஆறாமல் இருக்கிறது.

வெள்ளையடித்துவிட்டுத்தான் குடிபோக வேண்டும் என்ற வழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று பிறகு யோசித்தேன். அது சுண்ணாம்புக் காலத்து வழக்கம். அந்தக் காலத்துக்கு அது சரியான வழக்கம்.

எங்கள் தாத்தா வீட்டில் பொங்கலுக்கு முன்னால் கல்சுண்ணாம்பைத் தொட்டியில் தாளித்து, வடிகட்டி, ஒரு பொட்டலம் நீலம் கலந்து மட்டையால் அடிப்பார்கள். சுண்ணாம்புக்குச் சுவரின் ஈரம் பகையில்லை. உலர்ந்த சுவராயிருந்தால் நனைத்துவிட்டே அடிப்பார்கள். காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கி அது மறுபடி கல்லாகிறது. சுவரின் மூச்சையும் அடைப்பதில்லை. கலந்த நீலமும் பொருத்தமான நீலம்தான். துணிக்குப் போடும் அந்த நீலப்பொடி அல்ட்ராமரின் வகை, காரத்துக்கு அசையாது. ரசாயனம் படிக்காதவர்கள் கையால் பார்த்துப் பார்த்துத் தேர்ந்துகொண்ட சேர்க்கை அது.

ஈரச் சுவரில் ஓவியமே தீட்டியவர்கள் நம் ஆட்கள். தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில், நாயக்கர் காலத்து ஓவியங்களுக்கு அடியில் மறைந்திருந்த சோழர் ஓவியங்களை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டறிந்தார். அவை ஈரச் சுண்ணாம்புப் பூச்சின்மேல் தீட்டியவை என்று சென்னை அருங்காட்சியகத்து வேதியியலாளர் எஸ். பரமசிவன் ஆராய்ந்து சொன்னார். காவியும் மஞ்சள் மண்ணும் காரத்துக்கு அஞ்சாத நிறங்கள். சுண்ணாம்பு கல்லாக மாறும்போது அவற்றையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டது. ஓவியம் மட்டுமல்ல, கம்பம் பள்ளத்தாக்குக்குச் சோறு போடும் பெரியாறு அணையையும் 1887க்கும் 1895க்கும் இடையில் பொறியாளர் பென்னிகுயிக் சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கல் பொடியும் சேர்ந்த சாந்தில்தான் கட்டினார்.

1824இல் இங்கிலாந்தில் ஜோசப் ஆஸ்ப்டின் காப்புரிமை வாங்கிய போர்ட்லண்ட் சிமெண்ட் இன்று நம் சுவர்களுக்கு வந்துவிட்டது. அதன் மேலே எமல்ஷனும் வந்துவிட்டது. சுவரும் மாறி, பூச்சும் மாறிய பிறகும் நம் பஞ்சாங்கம் மட்டும் சுண்ணாம்புக் காலத்திலேயே நிற்கிறது. ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் வைத்துவிட்டு, அதற்குள் பளபளவென்று சுவர் வேண்டும் என்கிறோம். கோளாறு இங்கேதான் தொடங்குகிறது.

எத்தனை நாள் பொறுக்க வேண்டும்? 28 நாள் என்பது கீழ் எல்லை. மலையடிவாரமான எங்கள் ஊரில் மார்கழிப் பனி விடிந்து வெகுநேரம் விலகாது, அப்போது இன்னும் கூடுதலாகவே பொறுக்க வேண்டும். ஆடிக் காற்றில் தலைகீழ்க் கதை. மேற்பரப்பு மளமளவென்று காய்ந்து மயிரிழை மயிரிழையாக வெடிக்கும். அப்போது விடாமல் நனைக்க வேண்டும். நாளை எண்ணுவதைவிடச் சுவரையே கேட்டுவிடுவது நல்லது. ஒன்றரை அடிச் சதுரமாக ஒரு பாலித்தீன் தாளை வெட்டி, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். காலையில் தாளின் உள்பக்கம் முத்து முத்தாக வேர்த்திருந்தால் சுவர் இன்னும் பச்சைதான். தாளுக்கு அடியில் சுவர் கறுத்திருந்தாலும் அப்படியே.

நன்றாகக் காய்ந்த பிறகு, பூத்திருக்கும் உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்டிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு திரும்ப உள்ளேதான் போகும். வெள்ளைச் சிமெண்ட் பட்டி பார்ப்பதானால் சுவரை லேசாக நனைத்து, மெல்லிசாக இரண்டு கை இழுக்க வேண்டும். அதற்கு அடியில் பிரைமர் கூடாது. பட்டி இறுகியதும் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். அந்தத் தூசி நுரையீரலுக்குப் போகக்கூடாது, தேய்க்கிறவருக்கு முகக்கவசம் வாங்கிக் கொடுப்பது வீட்டுக்காரர் கடமை. தூசியைத் துடைத்த பின்தான் பிரைமர். பிரைமர் வெறும் வெள்ளைப் பெயிண்ட் என்று நினைத்து மிச்சம் பிடிக்கிறவர்கள் உண்டு. சுவர் குடிக்க வேண்டியதைப் பிரைமரே கொடுத்துத் தாகத்தைத் தணித்துவிடும். அது இல்லாவிட்டால் பெயிண்டில் உள்ள பசையைச் சுவர் உறிஞ்சிக்கொள்ளும், நிறம் மட்டும் மாவாக மேலே நிற்கும். பிரைமர் காய்ந்த பிறகு எமல்ஷன் இரண்டு கோட்டிங் போதும்.

தை வந்தது. தங்கச்சி வீடு சாம்பல் நிறச் சுவர்களோடுதான் நின்றது. வாசலில் வாழை, நிலையில் மாவிலை, தரை நிறைய மாக்கோலம். “ஏன் வெள்ளையடிக்கல?” என்று இரண்டு பேர் கேட்டார்கள். “சொவரு இன்னும் பச்சையா இருக்கு சித்தி, மாசில அடிக்கிறோம்” என்று தலை நிமிர்ந்து சொன்னாள். அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. வாசற்படியில் ஆரத்தி சுற்றினார்கள். தட்டில் சிவந்திருந்த தண்ணீரைப் பார்த்ததும் என் கண் தானாக உள்ளே இருந்த சுவருக்குப் போனது.

இந்த வருடம் வீடு கட்டுகிறவர்களிடம் கையெடுத்துக் கேட்கிறேன். முகூர்த்தத்தை மாற்ற வேண்டாம். பெயிண்ட்டை மட்டும் அதற்கு அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். பொறுக்கச் சொல்கிற பெயிண்டர் கிடைத்தால் விட்டுவிடாதீர்கள்.

மாசி எட்டாம் தேதி அவர் வந்தார். முந்தின ராத்திரி ஒட்டிவைத்த தாளை உரித்தார். உள்பக்கம் ஒரு பொட்டு வேர்வை இல்லை. மறுபடியும் புறங்கையை வைத்துப் பார்த்துவிட்டு, “கலர் அட்டைய எடு தாயி” என்றார்.