நூற்றுக்கு எண்பது என்னும் பூச்சாண்டி

"இயந்திரம் வரப்போகிறது, உன் தொழில் ஒழியப்போகிறது, ஆகையால் கொடுக்கிற கூலியை வாங்கிக்கொண்டு வாய்பொத்தி இரு!" என்று எந்த முதலாளியும் தொழிலாளியின் முகத்தைப் பார்த்துக் கூறுவதில்லை. கூறவேண்டிய அவசியமும் அவனுக்கில்லை. கற்றறிந்தோர் வெளியிடும் ஓர் எண்ணே அக்காரியத்தைச் செவ்வனே செய்து முடித்துவிடுகிறது.

அத்தகைய எண் ஒன்றினை ஈண்டு ஆராய்வோம். 2013ஆம் ஆண்டில் ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்ல் பெனடிக்ட் பிரே, மைக்கேல் ஒஸ்போன் என்னும் அறிஞர் இருவர், அமெரிக்க ஐக்கிய நாட்டின் 702 தொழில்களை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றையும் கணினியும் இயந்திரமும் விழுங்கிவிடக்கூடிய வாய்ப்பு எவ்வளவு என்று கணக்கிட்டனர். அந்நாட்டு வேலைகளில் நூற்றுக்கு 47 பெரும் ஆபத்தில் உள்ளன என்பது அவர்கள் கண்ட முடிபு. உலகெங்கும் பத்திரிகைகள் இதனைக் கொட்டை எழுத்தில் வெளியிட்டன. அப்பட்டியலில், வீடுகளின் உட்சுவருக்கும் முகட்டுக்கும் ஜிப்சம் பலகை பொருத்தும் தொழிலாளருக்கு வழங்கப்பட்ட தீர்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு எண்பது!

தீர்ப்பு வழங்கிய முறை யாது? 702 தொழில்களையும் எவரும் நேரிற் சென்று பார்க்கவில்லை. அறிஞர் சிலர் ஓரிடத்திற் கூடி, 70 தொழில்களுக்கு மட்டும் "இயந்திரமயமாகும்", "ஆகாது" என்று தம் மதிப்பின்படி முத்திரை குத்தினர். எஞ்சியவற்றைக் கணினி, ஒன்பது இயல்புகளைக் கொண்டு ஊகித்துக்கொண்டது. விரல் நுணுக்கம், இடுக்கான இடத்தில் வேலை செய்தல் முதலியன அவ்வொன்பதினுட் சில. முழுத் தொழிலையும் ஒரே பொருளாகக் கொள்ளாது, அதனுள் அடங்கிய வேலைகளைத் தனித்தனியே பிரித்து நோக்கிய வேறு ஆய்வாளர், 2016இல் பொருளாதார ஒத்துழைப்புக்கும் அபிவிருத்திக்குமான அமைப்பின் வாயிலாக மற்றொரு கணக்கை வெளியிட்டனர். அதே அமெரிக்காவுக்கு அவர்கள் கண்ட எண் நூற்றுக்கு 9! கணக்கிடும் முறையை மாற்றியதும் 47 என்பது 9 ஆகிவிட்டது. இவ்வெண்ணையா ஒரு தொழிலாளி தன் பிள்ளைகளின் எதிர்காலத்துக்கு அளவுகோலாகக் கொள்வது?

வேலையின் தன்மையைப் பார்ப்போம். இரு தாள்களுக்கிடையே ஜிப்சத்தை வைத்து ஆலையிற் செய்யப்படும் பலகை 4 அடி அகலமும் 8 அடி நீளமும், சில வேளை அதனினும் கூடிய நீளமும் உடையது. நிறை 50 இறாத்தல் அளவில் இருக்கும். அதனைப் படிக்கட்டு வழியாகத் தூக்கிச் சென்று, மின்சாரப் பெட்டிகளுக்கும் குழாய்களுக்கும் துவாரம் வெட்டி, மரச்சட்டங்களில் அறைந்து திருகவேண்டும். சட்டங்கள் நேராக நின்றால் அது அதிட்டம், பெரும்பாலும் நில்லா. தச்சன் விட்ட கோணலைப் பலகைக்காரனே சரிக்கட்டுகிறான். பின்னர் மூட்டுகளில் நாடா ஒட்டி, கலவை பூசி, உலரவிட்டு, மீண்டும் பூசித் தேய்த்து மழமழப்பாக்கவேண்டும். தேய்க்கும்போது எழும் வெண்புழுதி நெஞ்சுக்குள் இறங்குகிறது. முகட்டு வேலை கழுத்தையும் தோளையும் முறிக்கிறது.

2018இல் யப்பானின் தேசிய ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று எச்.ஆர்.பி.-5பி என்னும் இயந்திர மனிதனை உலகுக்குக் காட்டியது. உயரம் 182 சதம மீற்றர். நிறை 101 கிலோ. ஏறத்தாழ 11 கிலோ நிறையுள்ள ஜிப்சம் பலகை ஒன்றை அது தானே எடுத்துச் சென்று சுவரில் வைத்துத் திருகியது. அரிய சாதனையே, மறுப்பாரில்லை. ஆனால் அது ஆய்வுகூடத்தின் சமதரையில், மெல்லமெல்ல நிகழ்ந்தது. பாதி கட்டிய வீட்டில், காலுக்குக் கீழே குப்பையும் கம்பியும் கிடக்க, மணித்தியாலக் கணக்கில் அவ்வேலையைச் செய்வது வேறு. எமது கமக்காரருக்கு இதனை விளக்கவேண்டியதில்லை. அறுவடை இயந்திரம் சமமான வயலில் ஓடும். சேறு புதைந்த மூலையில் அரிவாளையே தேடவேண்டும்.

எனினும், இயந்திரம் வரவே வராது என்று கூறுவோர் கட்சியிலும் நாம் இல்லை. பூசுதலும் தேய்த்தலும் வேறு கதை. சான் பிரான்சிஸ்கோவில் 2017இல் தோன்றிய கன்வாஸ் என்னும் நிறுவனம், பொருத்தி முடித்த சுவரை அளந்து கலவை விசிறித் தேய்க்கும் இயந்திரத்தைக் கட்டிட வேலைத் தளங்களுக்கே கொண்டுவந்தது. அகன்ற, தடையற்ற சுவர் அதற்கு ஏற்ற களம்; அங்கே அது வெல்லும். ஆகவே ஒரே தொழிலின் ஒரு பாதி நெருக்கப்படுகிறது, மறு பாதி நெடுங்காலம் நிற்கும். நூற்றுக்கு எண்பது என்ற ஒற்றை எண் இவ்விரண்டையும் ஒரே சாக்கிற் போட்டுக் கட்டுகிறது.

இன்னொன்றையும் கூறவேண்டும். ஜிப்சம் பலகையே ஒரு காலத்தில் தொழிலாளரை விழுங்க வந்த இயந்திரந்தான்! முன்னாளில் அமெரிக்க வீடுகளின் உட்சுவரில் மெல்லிய மரச்சலாகைகளை அறைந்து, அவற்றின்மேல் சாந்தைப் பல படையாகப் பூசி, அது உலரும்வரை நாட்கணக்காகக் காத்திருந்தனர். அது கைதேர்ந்த மேசன்மாரின் தொழில். 1894இல் ஒகஸ்ரின் சக்கெற் என்பவர் பலகைக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டாம் உலகப் போருக்குப் பின் இலட்சக்கணக்கான வீடுகளை விரைந்து கட்டவேண்டிய தேவை எழுந்தபோது பலகை வென்றது. மேசன்மாரின் தொழில் சுருங்கியது. மேசனின் கரணையை எந்த இயந்திர மனிதனும் பிடுங்கவில்லை. வேலையில் பெரும்பகுதி வீட்டைவிட்டு ஆலைக்குச் சென்றது, அவ்வளவே. பலகைக்காரருக்கும் பேராபத்து அத்திசையிலிருந்தே வரக்கூடும். சுவரை முழுதாக ஆலையிற் செய்து லொறியில் ஏற்றி அனுப்பும் முயற்சிகள் நடைபெறுகின்றன. அவ்வழியிற் சென்று பெருமூலதனம் திரட்டிய கற்றெரா நிறுவனம் 2021இல் முறிந்து விழுந்தது. அதற்காக எல்லோரும் அம்முயற்சியைக் கைவிட்டுவிடுவர் என்று எண்ணுதல் பேதைமை.

இத்தனை ஆராய்ச்சிக்கும் மேலாகத் தொழிலாளி மறக்கலாகாத வரலாறு ஒன்றுண்டு. தென் கலிபோர்னியாவில் பலகை பொருத்துவோர் ஒரு காலத்தில் சங்கத்தின் பாதுகாப்பில் நற்கூலி பெற்றனர். 1980களில் கொந்தறாத்துக்காரர் சங்கத்தை உதறித் தள்ளி, மெக்சிக்கோவிலிருந்து வந்த ஏழைகளைச் சதுர அடிக் கணக்கிற் கூலிக்கமர்த்தினர். மேலதிக நேரக் கூலி இல்லை; வைத்திய வசதி இல்லை. பத்தாண்டுக்குள் சதுர அடிக்குரிய கூலி ஏறத்தாழப் பாதியாயிற்று. கூலியைக் கொள்ளையிட்டது எந்த இயந்திரம்? ஒன்றுமில்லை! மனிதனே மனிதனைக் கொள்ளையிட்டான்.

1992 யூன் மாதத்தில் அத்தொழிலாளர் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தினர். அவர்களுட் பலர் மெக்சிக்கோவின் எல் மகெய் என்னும் ஒரே சிற்றூரைச் சேர்ந்தோர். உறவும் ஊர்ப்பற்றுமே அவர்களுக்குச் சங்கமாயின. பொலிசார் பாய்ந்தனர், நூற்றுக்கு மேற்பட்டோர் ஒரே நாளிற் சிறைப்பட்டனர், குடிவரவு அதிகாரிகளின் மிரட்டலும் எழுந்தது. அவர்கள் அசையவில்லை. கொடுபடாத மேலதிக நேரக் கூலிக்காகச் சட்டத்தரணிகள் வழக்குத் தொடர்ந்தபோதுதான் கொந்தறாத்துக்காரர் நிலைகுலைந்தனர். அவ்வாண்டு நவம்பரில் அவர்களிற் பலர் சங்கத்துடன் ஒப்பந்தம் எழுத இணங்கினர். அது எங்கும் கிட்டிய வெற்றியன்று. சான் டியேகோப் பகுதி அவ்வொப்பந்தத்துக்குப் புறத்தே நின்றுவிட்டது. ஆயினும், கையில் ஆயுதமோ பணமோ குடியுரிமையோ இல்லாத ஏழைகள் கூலியை உயர்த்திக் காட்டினர்.

தம் தொழில் எதிர்காலத்தில் நிலைக்குமா என்று எவரிடமும் எண் கேட்டுக்கொண்டு அவர்கள் காத்திருந்தனரா?

சான் பிரான்சிஸ்கோவில் வர்ணத் தொழிலாளர் சங்கம் கன்வாஸ் நிறுவனத்துடன் உடன்பாடு செய்துகொண்டு, இயந்திரத்தை இயக்குவோர் சங்க உறுப்பினராக இருக்க வழிசெய்தது. இதனைச் சரணாகதி என்று ஏளனஞ் செய்வோர் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. புழுதி இயந்திரத்துக்கும் கூலி மனிதனுக்கும் போகுமாயின் அதில் இழுக்கு என்ன? ஆனால் உடன்பாட்டில் இன்னும் எழுதப்படவேண்டியவை உண்டு. மூன்று பேர் செய்த சுவரை ஒருவரும் இயந்திரமும் செய்து முடிக்கும்போது, மிஞ்சும் பணத்தில் அவ்விருவருக்கும் உரிய பங்கு யாது? வயது ஐம்பதைக் கடந்து தோள் தேய்ந்துபோன தொழிலாளிக்குப் புதிய பயிற்சி யார் செலவில்? சங்கம் இல்லாத மாநிலங்களில் இயந்திரத்தைக் காட்டிச் சதுர அடிக் கூலியைக் குறைக்க முற்படும் கொந்தறாத்துக்காரனைத் தடுக்கும் சட்டம் எங்கே? ஒக்ஸ்போர்ட் பட்டியலைப் பிரசுரித்த பத்திரிகைகள் இனியேனும் இக்கேள்விகளைக் கொட்டை எழுத்தில் வெளியிடுமா?