நதியை வெட்டி எடுத்த படம்

சென்னை ஒரு நதிக்கரை நகரம் என்று சொன்னால் சிரிக்கிறார்கள். சாமான்ய ஜனங்கள் சிரித்தால் நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டுப் போய்விடுவேன். ஆனால் சிரிக்கிறவர்கள் படித்தவர்கள், ரசிகர்கள், தோளில் விலையுயர்ந்த காமிராவை மாட்டிக்கொண்டு காசிக்கும் பாரிஸுக்கும் போய் வருகிறவர்கள். அப்படிப் போய் வந்த நண்பர் ஒருவர், காசியில் அஸ்ஸி கட்டத்திலிருந்து ராஜ்காட் வரை ஒரு நாள் முழுவதும் காலாற நடந்து எடுத்த படங்களை எனக்குக் காட்டினார். நல்ல படங்கள்தான். படிக்கட்டு, படகு, புகை, பசுமாடு, விபூதி பூசிய சாமியார், எல்லாம் இருந்தன. “இப்படி ஒரு நாள் நடந்து படம் பிடிக்க நம் பக்கத்தில் ஓர் ஊர் உண்டா, சொல்லுங்கள்” என்றார். உண்டு என்றேன். எது என்றார். கூவம் ஓடுகிற சென்னை என்றேன். உடனே மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

இந்த மூக்கைப் பிடிக்கும் ரசனையோடுதான் எனக்குச் சண்டை.

எளாவூர்க்காரனுக்குச் சென்னையின் நதியைப் பற்றிப் பேச என்ன யோக்கியதை என்று கேட்பீர்கள். எளாவூர் என்றால் கல்கத்தா சாலையில் சோதனைச் சாவடி இருக்கிற ஊர் என்று லாரிக்காரர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்கு அதுவும் தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் ரயிலேறி சென்ட்ரலில் இறங்குகிறவன் தண்ணீரைக் கடக்காமல் சென்னைக்குள் நுழைய முடியாது. பொன்னேரிப் பக்கம் ஆரணியாறு. எண்ணூருக்கு முன்னால் கொசஸ்தலையாற்றின் கழிமுகம். 2023 டிசம்பர் வெள்ளத்தில் எண்ணெய் படர்ந்து, மீனவர்களின் வலையும் படகும் கறுத்துப்போன இடம். பேசின் பாலத்தருகே பக்கிங்ஹாம் கால்வாய். எங்கள் பக்கத்துப் பழவேற்காடு ஏரியைத் தொட்டுக்கொண்டு வருகிற அதே கால்வாய்தான். ஒரு காலத்தில் விறகும் உப்பும் படகேறி இந்த வழியாகத்தான் சென்னைக்குப் போயின.

கூவமோ எங்கள் திருவள்ளூர் மாவட்டத்துப் பெண். கூவம் என்ற பெயரில் ஒரு கிராமமே இருக்கிறது. சம்பந்தர் பாடிய திருவிற்கோலம் அந்த ஊர்க் கோயில்தான். பிறந்த வீட்டில் அவளுக்குத் தேவாரம். புகுந்த வீட்டில் சாக்கடை என்று பட்டம். புகுந்த வீட்டார் செய்த காரியத்தையும் சொல்லிவிடுகிறேன். கூவத்துக்குத் தண்ணீர் பிரித்துக் கொடுக்க வேண்டியது கொசஸ்தலையாறு. அதைப் பூண்டியில் அணைபோட்டு 1944-லிருந்து நகரம் குடித்து வருகிறது. குடிக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. குடித்ததைக் கழிவாக்கிக் கூவத்தில் விட்டு, அவள் நாறுகிறாள் என்று மூக்கைப் பிடிப்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நான் அந்த நடையை நடந்திருக்கிறேன், ஆகையால் சொல்கிறேன். காலை ஏழு மணிக்கு மூர் மார்க்கெட் வளாகத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். (1985-ல் எரிந்துபோன மூர் மார்க்கெட்டின் பெயர் இப்போது ரயில் டிக்கெட் கொடுக்கிற கட்டடத்துக்கு! பழைய புத்தகப் பித்தர்கள் அந்தப் பெயரைக் கேட்டு இன்றைக்கும் பெருமூச்சு விடுகிறார்கள்.) பல்லவன் சாலை வழியாக மன்றோ சிலைக்கு வந்தேன். அங்கிவடியே இல்லாத குதிரைமேல் 1839-லிருந்து அசையாமல் உட்கார்ந்திருக்கும் சர் தாமஸ் மன்றோவை எல்லோரும் படம் எடுக்கிறார்கள். அவர் நிற்கிற இடத்துக்குத் தீவுத்திடல் என்று ஏன் பெயர் என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. தண்ணீர் சூழ்ந்தால்தானே தீவு? கூவத்தின் இரண்டு கைகள் அந்த மைதானத்தை அணைத்துக்கொண்டு கிடக்கின்றன. ஆண்டுதோறும் பொருட்காட்சிக்கு வந்து அப்பளம் தின்கிற லட்சம் பேரில் எத்தனை பேர் அந்தக் கைகளைப் பார்த்திருப்பார்கள்?

பெரியார் பாலத்தைத் தாண்டிச் சிந்தாதிரிப்பேட்டைக்குள் நுழைந்தேன். காசியில் எடுத்தது போன்ற படம் வேண்டும் என்பவர்கள் இங்கே ஒரு மணி நேரமாவது சுற்ற வேண்டும். 1734-ல், மார்ட்டன் பிட் கவர்னராக இருந்த காலத்தில், நெசவாளர்களைக் குடியேற்றிக் கும்பினியார் உண்டாக்கிய ஊர் இது. சின்னத் தறிப் பேட்டை என்பதுதான் சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். நூலையும் துணியையும் நம்பிப் பிழைத்தவர்களை ஏன் இங்கே கொண்டுவந்து வைத்தார்கள்? மூன்று பக்கமும் ஆறு வளைந்து ஓடியதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. அக்கரையில் கோமளீஸ்வரன்பேட்டை. வள்ளல் பச்சையப்ப முதலியார் கூவத்தில் முழுகிவிட்டுக் கோமளீஸ்வரரைக் கும்பிடப் போவாராம். அவர் காலமானது 1794-ல். இந்த ஆற்றில் முழுகி எழுந்தவர்கள் ஏதோ புராண காலத்தவர்கள் அல்ல. அவர் பெயரால் நடக்கிற கல்லூரியில் நம் வீட்டுப் பிள்ளைகள் இன்றும் படிக்கிறார்கள்.

ஆற்றோரமாகச் சிறிது தூரம் நடக்கப் பார்த்தேன். ஒரு பக்கம் மதில். மறுபக்கம் கம்பி வேலி. வேலியில் ஒரு கதவு, கதவுக்குப் பூட்டு. பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த காவல்காரர் என் காமிராவைப் பார்த்து எழுந்து வந்தார். “சாக்கடைய எதுக்கு சார் போட்டோ புடிக்கிறீங்க? பீச் பக்கம் போங்க சார், சூப்பரா இருக்கும்” என்றார். பாவம், அன்பாகத்தான் சொன்னார். என் நண்பர் நாசூக்காகச் சொன்னதை அவர் பச்சையாகச் சொன்னார். அவ்வளவுதான் வித்தியாசம்.

அவர் சொன்னபடியே கடற்கரைப் பக்கம் வந்தேன், சுவாமி சிவானந்தா சாலையில் ஆற்றை ஒட்டியே. பறக்கும் ரயிலின் தூண்களைக் கால்வாய்க்குள் நட்டிருக்கிறார்கள். மதுரவாயல் மேம்பாலத்துக்காகக் கூவத்துக்குள்ளேயே தூண்கள் நட்டு, 2012-ல் வேலையை நிறுத்தி, பத்து ஆண்டுகள் அவை மொட்டையாக நின்று, 2022-ல் மறுபடியும் அடிக்கல் வைத்த கதையும் உங்களுக்குத் தெரியும். காலி மனை எங்கே என்று தேடுகிறவனுக்கு ஆறு காலி மனையாகத்தான் தெரியும்.

கடைசியில் நேப்பியர் பாலம். 1869-ல் கட்டியது. 2022-ல் சதுரங்க ஒலிம்பியாடுக்காக அதற்குக் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் கட்டமாய் வர்ணம் அடித்தார்களே, நினைவிருக்கிறதா? ஊரே திரண்டு வந்து செல்போனை நீட்டியது. அந்தப் படங்களை உங்கள் போனில் எடுத்துப் பாருங்கள். பாலம் இருக்கும், வளைவுகள் இருக்கும், விளக்கு இருக்கும், உங்கள் குடும்பம் இருக்கும். பாலம் எதன்மேல் நிற்கிறதோ அது இருக்காது. இருந்தாலும் இரவு வெளிச்சத்தில் பளபளக்கும் கறுப்புக் கண்ணாடியாக இருக்கும். ஆற்றை வெட்டிவிட்டுப் பாலத்தை மட்டும் எடுக்கிற வித்தையை நமக்கு யாரும் கற்றுக்கொடுக்கவில்லை. அது நம் கைக்குத் தானாகவே வருகிறது.

படத்தில்தானே வெட்டுகிறோம், அதனால் என்ன குடி முழுகிவிட்டது என்று கேட்கலாம். முழுகத்தான் செய்கிறது.

லண்டனில் 1858-ஆம் வருஷக் கோடையில் தேம்ஸ் நதி நாறியது. நம் கூவத்தைவிட மோசமாக நாறியது என்றே வைத்துக்கொள்ளலாம். அதற்கு முன்னும் பல வருஷங்கள் நாறிக்கொண்டுதான் இருந்தது; காலராவில் ஆயிரக்கணக்கான ஏழைகள் மாண்டார்கள்; ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கோடையில் நாற்றம் பார்லிமெண்டின் ஜன்னல்கள் வழியே உள்ளே வந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். தாங்கவில்லை. சில வாரங்களில் சட்டம் நிறைவேறியது. பஸல்கெட் என்ற இன்ஜினீயர் நகரத்துக்கே கழிவுநீர்ச் சுரங்கம் கட்டினார். பார்லிமெண்டின் ஜன்னல் நதியைப் பார்த்து இருந்ததால் அல்லவா?

கூவத்தைப் பார்த்து ஜன்னல் வைத்தவர்கள் சென்னையில் யார்? கல்லூரிகளும் அலுவலகங்களும் முகத்தைச் சாலைக்கும் கடலுக்கும் காட்டிவிட்டு, முதுகை ஆற்றுக்குக் காட்டுகின்றன. ஆற்றைப் பார்த்துக் கதவு வைத்திருந்தவர்கள் கரையோரக் குடிசைக்காரர்கள் மட்டும்தான். வெள்ளம் வந்தால் முதலில் மூழ்கியவர்களும் அவர்கள்தான். 2015 வெள்ளத்துக்குப் பிறகு ஆற்றைச் சீரமைக்கிறோம் என்று அவர்களில் ஆயிரக்கணக்கான குடும்பங்களைப் பெரும்பாக்கம் போன்ற இடங்களுக்கு அனுப்பினார்கள். வேலை நகரத்தில், வீடு பல மைலுக்கு அப்பால். கரை காலியாயிற்று. காலியான கரைக்கு வேலி வந்தது. சாக்கடைக் குழாய்கள் பல அப்படியேதான் ஆற்றில் வாய் வைத்துக்கொண்டிருக்கின்றன! ஆற்றைத் தினமும் பார்த்தவனை அப்புறப்படுத்திவிட்டு, பார்க்காதவன் கையில் ஆற்றை ஒப்படைத்திருக்கிறோம்.

காசிக்குப் போன நண்பர் கங்கையை ஏன் மூக்கைப் பிடிக்காமல் படம் எடுத்தார்? கங்கை தெள்ளத் தெளிவாகவா ஓடுகிறது? கங்கையைச் சுத்தப்படுத்தும் திட்டத்தை 1986-ல் காசியில்தான் தொடங்கினார்கள்; இன்னும் முடிந்தபாடில்லை. அங்கே படிக்கட்டு இருக்கிறது, ஐயா! மகாராஷ்டிர ராஜாக்களும் ராணிகளும் கட்டிவைத்த படிக்கட்டு. விடிந்தால் ஜனங்கள் அதில் இறங்குகிறார்கள்; ஆறு எப்படி இருக்கிறது என்று தினமும் பார்க்கிறார்கள்; கோபப்படுகிறார்கள்; சர்க்காரைத் திட்டுகிறார்கள். நமக்குத் திட்டக்கூட ஓர் இடம் இல்லை.

அசிங்கத்தைப் படம் எடுத்து நம் ஊரை நாமே கேவலப்படுத்தலாமா என்று சில தேசபக்தர்கள் வருவார்கள். கழிவைக் கொட்டியவனுக்கு இல்லாத கேவலம், அதைக் காட்டுகிறவனுக்கு மட்டும் எங்கிருந்து வருகிறது? தவிரவும், கூவத்தில் அசிங்கம் மட்டும்தான் இருக்கிறது என்று யார் சொன்னது? முகத்துவாரத்தில் மாலை வெயிலில் கொக்குகள் வரிசையாக நின்றதை நான் பார்த்தேன். துறைமுகம் கட்டிய நாளிலிருந்து தெற்கே குவிகிற மணல்தான் நமக்கு மெரினாவை அகலமாக்கித் தந்தது. அதே மணல்தான் கூவத்தின் வாயையும் அடைக்கிறது. அழகும் அடைப்பும் ஒரே இடத்தில், ஒரே சட்டத்துக்குள் கிடைக்கின்றன. இதைவிட நல்ல படம் பாரிஸில் கிடைக்குமா?

அண்ணா முதலமைச்சராக இருந்த 1967-ல் கூவத்தைச் சீரமைக்கத் திட்டம் போட்டார்கள். 1973-ல் படகுகூட விட்டார்கள். படகு ஓடியது சில நாள்தான். ஆனால் படகுத்துறை என்ற ஒன்று இருந்தது. ஜனங்கள் ஆற்றருகே இறங்கிப் போக வழி இருந்தது. நான் கேட்பது படகு அல்ல. ஆற்றைப் பார்த்து இறங்குகிற பத்துப் படிக்கட்டுகள்: சிந்தாதிரிப்பேட்டையில் ஒன்று, கோமளீஸ்வரன்பேட்டையில் ஒன்று, எழும்பூரில், சேத்துப்பட்டில், இப்படியே அமைந்தகரை வரை. பூட்டு இல்லாத கதவு. கரையிலே பிறந்து வளர்ந்தவர்கள் மறுபடியும் வந்து உட்கார உரிமை. அதுவரையில், நேப்பியர் பாலத்துக்குப் படம் எடுக்கப் போகிறவர்கள் காமிராவை நாலு விரற்கடை கீழே இறக்கிப் பிடியுங்கள். வெயில் தாழ்ந்து ஐந்து மணிக்குப் போனால் வெளிச்சம் நன்றாக இருக்கும்.