எவரும் கவனியாத மணி

அடுகோடி என்றதும் நம் முதியோர் நினைவுக்கு முதலில் வருவது மைகோ ஆலையே. 1951-ஆம் ஆண்டில் மோட்டார் இண்டஸ்டிரீஸ் கம்பெனி என்னும் பெயரோடு தோன்றிய அந்நிறுவனம், 2008-இல் பாஷ் லிமிடெட் எனப் பெயர் மாற்றிக்கொண்டது. ஆயினும் நம்மவர் நாவில் அது இன்றும் மைகோதான். அந்த ஆலையைச் சூழ்ந்த தெருக்களில் சேலம், தருமபுரிப் பக்கங்களிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்கள் பல. அவற்றுள் ஒன்றின் இல்லத்துக்குச் சென்ற திங்களில் நாம் செல்ல நேர்ந்தது.

குடும்பத் தலைவர் சிறு பட்டறையொன்றில் கடைசல் வேலை செய்து ஓய்வுபெற்றவர். மகள் கல்லூரியில் இறுதியாண்டு பயில்கிறாள். அவளுக்காகச் சீட்டுப் பணத்தில் வாங்கிய பழைய கணினி ஒன்று வீட்டில் உண்டு. அதில் இயங்குவது லினக்ஸ். பாதுகாப்புக்கு நல்லது என்று எவரோ கூறக் கேட்டு, அப்பெண் அதன் பயாஸைப் புதுப்பித்தாள். பயாஸ் என்பது தாய்ப்பலகையிலேயே பதிந்திருக்கும் நிலைப்பொருள். மறுநாள் கணினியை முடுக்கியபோது திரையில் அச்சமூட்டும் வரிகள் ஓடின. சுட்டெலி தட்டுத் தடுமாறியது. கடைக்காரர் ஒருவர் பார்த்துவிட்டு, “மதர்போர்டு போய்விட்டது. ஆறாயிரம் ஆகும்” என்றாராம்.

“ஐயா, புராஜெக்ட் கொடுக்க இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது. அப்பாவிடம் மறுபடி எப்படிப் பணம் கேட்பேன்?” என்றாள் அப்பெண். அவள் குரலில் அழுகை இருந்தது. தந்தையோ ஒன்றும் பேசாமல் நின்றார்.

நேயர்களே, அவ்வரிகள் கூறியது யாது? “ஐ.ஆர்.க்யூ. 16: நோபடி கேர்ட்” என்பது முதல் வரி. பதினாறாம் எண் அழைப்பை எவரும் பொருட்படுத்தவில்லை என்பது அதன் பொருள். “டிசேபிளிங் ஐ.ஆர்.க்யூ. 16” என்பது பின்வந்த வரி. அந்த அழைப்பையே நிறுத்திவிட்டோம் என்பது அதன் பொருள்.

கணினிக்குள் விசைப்பலகை, வட்டு, வலைக்கருவி முதலியன தமக்கு வேலை வரும்பொழுது மணி அடித்துச் செயலியை அழைக்கின்றன. இதற்குக் குறுக்கீடு என்று பெயர். லினக்ஸின் உட்கருவான கெர்னல் கைவேலையை நிறுத்தி, அழைத்த கருவிக்குரிய இயக்கியை அனுப்பி, பணி முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்கிறது. பழைய முறையில் பல கருவிகள் ஒரே மணிக்கயிற்றைப் பகிர்ந்துகொள்வதுண்டு. ஒரு கருவி ஓயாமல் மணியடிக்க, இயக்கிகள் யாவும் “எமதன்று” என்று கைவிரித்தால் செயலிக்கு வேறு வேலையே ஓடாது. எனவே 1,00,000 அழைப்புகளில் 99,900-க்கு மேல் கேட்பாரற்றுப் போயின், கெர்னல் அக்கயிற்றையே அறுத்துவிடுகிறது. அதே கயிற்றில் கட்டுண்ட குற்றமற்ற கருவிகளும் அப்பொழுது தவிக்கின்றன. இவ்வீட்டுச் சுட்டெலி தடுமாறியதன் காரணம் இதுவே.

நிலைப்பொருளைப் புதுப்பித்ததற்கும் இதற்கும் தொடர்பு என்ன? எந்தக் கருவி எந்தக் கயிற்றில் உள்ளது என்னும் பட்டியலை நிலைப்பொருளே கெர்னலுக்கு அளிக்கிறது. ஏ.சி.பி.ஐ. என்னும் இவ்வொழுங்கை இன்டெல், மைக்ரோசாஃப்ட், தோஷிபா ஆகிய நிறுவனங்கள் 1996 டிசம்பரில் வெளியிட்டன. புதுப்பிக்கும்போது பட்டியல் மாறலாம். முன்பு நாம் அணைத்து வைத்த கருவி மீண்டும் உயிர்பெறலாம்.

குறுக்கீட்டைக் கண்டு அஞ்சியவர் அப்பெண் மட்டும் அல்லர். ஹாலந்து நாட்டு அறிஞர் டைக்ஸ்ட்ரா, எக்ஸ்-1 என்னும் கணினிக்கு அவ்வசதியைச் சேர்க்கலாம் என்று தோழர்கள் கூறியபோது தாம் கலங்கியதைப் பிற்காலத்தில் எழுதியுள்ளார். எந்தக் கணத்தில் அழைப்பு வரும் என்பது தெரியாததால், நேர்ந்த பிழையை மீண்டும் வரவழைத்துப் பார்க்கவும் முடியாதே என்பது அவர் அச்சம். அவ்வச்சத்தை வென்று, 1959-இல் அதைப்பற்றியே ஆய்வேடு எழுதிப் பட்டம் பெற்றார்.

இனி, நாம் செய்தவற்றை வரிசையாகக் கூறுவோம். முதற்கண் பெண்ணின் புராஜெக்ட் கோப்புகளை வெளி வட்டில் படியெடுத்தோம். எச்சரிக்கை வரிகளை எழுத்துப் பிசகாமல் குறித்துக்கொண்டோம். ‘ஜர்னல்-சி.டி.எல்.’ கட்டளையால் புதுப்பிப்பதற்கு முந்தைய நாட்களின் கெர்னல் குறிப்பை எடுத்து ஒப்பிட்டோம். பழைய குறிப்பில் அவ்வரிகள் இல்லை. ‘ப்ராக்’ அடைவிலுள்ள ‘இண்டரப்ட்ஸ்’ கோப்பைத் திறந்ததும், பதினாறாம் வரிசையில் எண்ணிக்கை இலட்சத்தைத் தொட்டு நிற்பதும், அதே வரிசையில் யூ.எஸ்.பி. இருப்பதும் புலப்பட்டன. பின்னர் பயாஸ் அமைப்பிற்குள் சென்று, எவரும் பயன்படுத்தாத உட்கருவிகளை ஒவ்வொன்றாக அணைத்து, ஒவ்வொரு முறையும் கணினியை முடுக்கிப் பார்த்தோம். மூன்றாம் முறை வரிகள் மறைந்தன. சுட்டெலி ஓடியது. செலவு ஒரு காசும் இல்லை.

இவ்வளவிலும் தீராவிடின், புதிய கெர்னலை நிறுவிப் பார்க்கலாம். ‘ஐ.ஆர்.க்யூ.-போல்’ என்னும் சொல்லைத் தொடக்க வரியில் சேர்ப்பது ஊன்றுகோல் போன்றது. அது வேகத்தைக் குறைக்கும், நிரந்தர மருந்தாகாது. தயாரிப்பாளர் அடுத்த பதிப்பை வெளியிடும்வரை அதைக் கொண்டு காலம் தள்ளலாம். “இவ்வெண்ணுக்குக் கையாள்வோர் இல்லை” என்னும் பொருள்பட, முடுக்கும்போது மட்டும் சில வரிகள் தோன்றி, கருவிகள் யாவும் ஒழுங்காக நடக்குமாயின், பெரும்பாலும் அஞ்ச வேண்டுவதில்லை. ஏ.எம்.டி. செயலிக் கணினிகள் சிலவற்றில் நிலைப்பொருள் மாறியபின் அவை காணப்படுவதுண்டு.

ஆகவே புதுப்பிப்பதே தவறு என்று கொள்ளற்க. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் முதலிய குறைகள் வெளிப்பட்டபோது புதுப்பித்தலே காப்பாக அமைந்தது. ஆனால் அவசரமாக வந்த திருத்தத்தால் கணினிகள் தாமே மறுமுடுக்கம் கொள்ள, அதே திங்களில் அப்பதிப்பை நிறுவுவதை நிறுத்திவைக்குமாறு இன்டெல் நிறுவனமே அறிவித்தது. எனவே புதுப்பிக்குமுன் கோப்புகளுக்குப் படியெடுங்கள், பழைய அமைப்புகளை ஏட்டில் குறித்து வையுங்கள், தேர்வு நெருங்கும் காலத்தில் கைவைக்காதீர்கள்.

விடைபெறும்போது அத்தந்தை கூறினார்: “பட்டறையில் எஞ்சின் சத்தம் மாறினால், முதலில் நிறுத்திக் காதுகொடுத்துக் கேட்போம். இதையும் அப்படித்தான் கேட்கவேண்டும் போலும்.” எழுத்தறிந்த நாம் ஒரு பக்கம் எழுதியதை அவர் இரண்டு வரியில் சொல்லிவிட்டார். பன்னிரண்டாம் நாள் மாலையில் புராஜெக்ட் ஒப்படைக்கப்பட்டது என்று செய்தி வந்தது.