அறுப்பின் பண்டிகையும் அறுத்தவர் கூலியும்



கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் ஒன்றும் இல்லாத நேரமாகப் பார்த்து வாசியுங்கள். என்னிடம் படித்தவர்களில் இந்துப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் நிறைய உண்டு. இது ஏதோ டீச்சருடைய சபை விஷயம் என்று தாண்டிப் போய்விடாதீர்கள். கோயில் கொடைக்கு வரி எழுதும் ஊரிலும் இதே கேள்வி இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

எங்கள் திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்துச் சபைகளில் அறுப்பின் பண்டிகை எப்படி நடக்கும் என்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தோட்டத்தில் முதலில் காய்த்தது, வீட்டில் வளர்த்தது எல்லாம் கோயிலுக்கு வரும். வாழைத்தார், பூசணிக்காய், சேவல், முட்டை, முருங்கைக்காய்க் கட்டு. ஆராதனை முடிந்ததும் ஏலம். ஒரு எலுமிச்சம்பழம் 100 ரூபாயில் ஆரம்பித்து 2,000, 3,000 என்று ஏறும். எடுத்தவர் அதைத் திரும்பக் கோயிலுக்கே கொடுப்பார், மறுபடி ஏலம் போகும். பிள்ளைகளுக்கு ஒரே கொண்டாட்டம். நானும் ரசிக்கிறவள்தான். ஒரு விதவைத் தாய் கொண்டு வந்த நாலு முட்டை கோயில் கணக்கில் 1,000 ரூபாயாக ஏறுவதைப் பார்க்க எனக்குச் சந்தோஷமாகவே இருக்கும். ஏலத்தை நான் குறை சொல்லவில்லை.

எனக்கு உறுத்துவது அதற்கு அடுத்த நாள் நடப்பது. ஊர் வேண்டாம், பெயரும் வேண்டாம். ஒரு பண்டிகையில் கை உயர்த்தி உயர்த்தி ஏலம் கேட்ட ஒரு வீட்டில், பாத்திரம் தேய்க்கும் அம்மா மாதம் 300 ரூபாய் கூட்டிக் கேட்டிருக்கிறார். “பண்டிகைச் செலவு ஆகிப்போச்சு, அடுத்த மாசம் பார்ப்போம்” என்று பதில். அந்த அம்மாவும் அதே சபைதான். எலுமிச்சம்பழம் என்ன விலைக்குப் போனது என்று கடைசி வரிசையில் உட்கார்ந்து அவரும் கேட்டிருப்பார், இல்லையா?

யாக்கோபு நிருபம் 5-ம் அதிகாரம் 4-ம் வசனத்தை எடுத்துப் பாருங்கள். வயலை அறுத்த வேலைக்காரருக்குக் கொடுக்காமல் பிடித்து வைத்த கூலி கூக்குரலிடுகிறது, அந்தச் சத்தம் கர்த்தருடைய காதுக்குப் போய்விட்டது என்று எழுதியிருக்கிறார். அறுப்பின் பண்டிகைக்குப் பிரசங்கம் செய்ய இதைவிடப் பொருத்தமான பகுதி உண்டா? ஆனால் எத்தனையோ அறுப்பின் பண்டிகைப் பிரசங்கம் கேட்டிருக்கிறேன், இந்த வசனத்தை ஒருவரும் எடுத்ததில்லை. தசமபாகத்துக்கு மல்கியா புத்தகம் தவறாமல் வருகிறது. அன்றாடக் கூலியை மறுநாள் காலைவரை கையில் வைத்திருக்காதே என்று சொல்கிற லேவியராகமம் 19-ம் அதிகாரம் மட்டும் வருவதில்லை.

ஆமோஸ் இன்னும் கடுமையான ஆள். குருகுலத்தில் படித்தவர் அல்ல, தெக்கோவா ஊரில் ஆடு மேய்த்தவர், காட்டத்திப் பழம் பார்த்தவர். அவர் 8-ம் அதிகாரத்தில் வியாபாரிகளைப் பற்றிச் சொல்வதை வாசித்தால் எனக்குச் சிரிப்பும் வரும், பயமும் வரும். ஓய்வுநாள் எப்போது முடியும், கடையைத் திறந்து மரக்காலைச் சின்னதாக்கி, கள்ளத் தராசில் நிறுத்து எப்போது விற்கலாம் என்று அவர்கள் ஆராதனை நாளிலேயே காத்திருந்தார்களாம். கவனியுங்கள், அவர்கள் ஓய்வுநாளை மீறவில்லை. ஒழுங்காகக் கடை அடைத்தவர்கள்! ஆராதனைக்கு வராதவர்களைப் பற்றியே நாம் எப்போதும் கவலைப்படுகிறோம். ஆமோஸ் கவலைப்பட்டது தவறாமல் வந்தவர்களைப் பற்றி.

பள்ளிக்கூடத்தில் ஏ.இ.ஓ. ஆய்வுக்கு வரும் நாள் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அன்றைக்கு வகுப்பு மணக்கும். பலகை கழுவி, வருகைப் பதிவேடு அட்டை போட்டு, எண்ணெய் தேய்த்துப் படிய வாரிய தலைகள். அதிகாரி ஒருநாள் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். ஞாயிற்றுக்கிழமையை நாம் அப்படி ஆக்கி வைத்திருக்கிறோம். கடவுளை ஏ.இ.ஓ. ஆக்கிவிட்டோம்.

நம் பாட்டிமார் அப்படி நினைக்கவில்லை. கைப்பிடி அரிசி என்று ஒரு வழக்கம், இளையவர்களுக்குத் தெரியாது. உலைக்கு அரிசி அளக்கும்போது ஒவ்வொரு வேளையும் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிடுவார்கள். அது சேர்ந்து கோயிலுக்குப் போகும். யாரும் கை தட்டுவதில்லை, மைக்கில் பெயர் வாசிப்பதில்லை. வீட்டில் அரிசி குறைவாக இருக்கிற நாளிலும் பிடி எடுக்க வேண்டும், அதுதான் கஷ்டம். ரோமர் 12-ம் அதிகாரத்தில் பவுல் சரீரத்தையே பலியாகக் கொடுக்கச் சொல்லி, அதைத்தான் புத்தியுள்ள ஆராதனை என்கிறார். அதற்கு விளக்கம் கேட்டால் நான் அந்த அரிசிப் பானையைத்தான் காட்டுவேன்.

சிலர் உடனே சொல்வார்கள்: “டீச்சர், நாம் கிருபையினால் இரட்சிக்கப்பட்டவர்கள், கிரியையினால் அல்ல.” சரி, நானும் அதைத்தான் நம்புகிறேன். ஆனால் சகேயு கதையை ஒழுங்காக வாசியுங்கள். அவன் ஒரு பைசா திருப்பிக் கொடுப்பதற்கு முன்னாலேயே இயேசு அவன் வீட்டுக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டார். அது கிருபை. அதற்குப் பிறகு சகேயு எழுந்து நின்று பாட்டுப் பாடவில்லை, கணக்கு வாசித்தான்: ஆஸ்தியில் பாதி ஏழைகளுக்கு, அநியாயமாக வாங்கியது நாலத்தனையாகத் திரும்ப. கிருபை வந்த வீட்டில் கணக்கு நோட்டு திறந்தது.

கல்யாண விஷயத்தைச் சொன்னால் சொந்தக்காரர்களில் பாதிப் பேர் என்னோடு பேசமாட்டார்கள். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கோயிலில் மூன்று வாரம் ஓலை வாசிக்கிறோம், ஜெபம் பண்ணி நிச்சயம் செய்கிறோம். அந்த ஜெபத்துக்கு முன்னாலேயே உள்ளறையில் பவுன் பேசி முடிந்திருக்கும். வரதட்சணைத் தடைச் சட்டம் 1961-லேயே வந்துவிட்டது. சட்டம் கிடக்கட்டும், “கர்த்தர் இணைத்தார்” என்று எந்த வாயால் சொல்கிறோம்?

சாதியும் புதிது இல்லை. 1833-ல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன் சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று சுற்றறிக்கை அனுப்பினார். தஞ்சாவூரில் நல்ல பக்தியுள்ளவர்கள், அருமையாகப் பாடத் தெரிந்தவர்கள், அதை எதிர்த்தார்கள். பலர் கோயிலை விட்டே போனார்கள். பாட்டில் குறை இல்லை. பக்கத்தில் யார் உட்காருவது என்பதில்தான் பிரச்சினை. இன்றைக்கு நம் அசனப் பந்தியில் எல்லோரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடுகிறோம், நல்லதுதான். பெண் கொடுக்கிற பேச்சு வந்தால் வரிசை தெரிந்துவிடுகிறது.

எங்கள் சபையில் அடுத்த கமிட்டிக் கூட்டத்துக்கு ஒரு தாள் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டே விஷயம். ஒன்று, ஏலத்துக்கு முந்தின ஞாயிறு, வீட்டிலும் வயலிலும் கடையிலும் யாருக்காவது கூலி பாக்கி இருந்தால் தீர்த்துவிட்டு வாருங்கள் என்று ஐயர் அறிவிப்பில் சொல்ல வேண்டும். இரண்டு, கோயிலைக் கூட்டி மணி அடிக்கிறவருடைய சம்பளத்தைக் கூட்டித் தர வேண்டும். ஏலத்தில் வரும் தொகையில் முதல் செலவு அதுவாக இருக்கட்டும். தாளை வாங்கிப் பார்த்து ஒருவர் சிரித்தார். இன்னொருவர், “டீச்சர், இதெல்லாம் உலகக் காரியம்” என்றார். கூட்டம் இன்னும் நடக்கவில்லை.

வெளியூரில் இருக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வேலை தருகிறேன், வீட்டுப்பாடம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் சபையில் கோயில் கூட்டுகிறவருக்கு மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில் கொடுக்கிறார்கள் என்று அவரிடமே கேட்டு எனக்கு எழுதுங்கள். கமிட்டியில் காட்ட எனக்கு உதவும்.