நம்ம ஊர்ல பனியா கொட்டுது?

"கூலன்ட் எல்லாம் குளிர் நாட்டுக்காரனுக்கு, மருமகன். நம்ம ஊர்ல பனியா கொட்டுது?" இப்படிச் சொல்லித்தான் மாமா தன் ஹயர் வேனுக்குக் கிணத்துத் தண்ணி ஊத்தி வந்தார். போன வருஷம் உம்மம்மாவைக் கண்டிக்கு கிளினிக் கூட்டிப் போகக்க, மஹியங்கனைப் பதினெட்டு வளைவில ஹீட் முள் சிவப்புக்கு ஏறி வேன் நின்டுட்டு. ஹெட் கேஸ்கட் போயிருந்தது. கிளினிக் தவறினது, ரெண்டு கிழமை மாமாவுக்கு ஹயரும் இல்லை.

மாமாவைக் குறை சொல்ல வரல்ல. பெயர்தான் ஏமாத்துது. போத்தலில 'அன்டிஃபிரீஸ்' என்டு இருந்தா யாரும் பனிக்கு என்டுதான் நினைப்பாங்க. ஆனா அதிலுள்ள எத்திலீன் கிளைக்கோல் கொதிநிலையையும் உயர்த்துது. தண்ணி 100 பாகையில் கொதிக்கும். சரிபாதி கலந்தால் ஏறக்குறைய 107. அதைவிட முக்கியம், துருவைத் தடுக்கிற சேர்மானங்கள். நம்ம கரையோரக் கிணத்துத் தண்ணியில உப்பும் சுண்ணாம்பும் இருக்கு. கேத்தல் அடியில படியிற அதே வெள்ளைதான் ரேடியேட்டருக்குள்ளும் படியிது.

அடுத்த பிழை நிறம். "பச்சையா, சிவப்பா?" என்டு கடையில கேக்கிறோம். நிறம் வெறும் சாயம்; கம்பனிக்குக் கம்பனி மாறும். டொயோட்டாவின் சூப்பர் லோங் லைஃப் இளஞ்சிவப்பு, ஹொண்டாவின் டைப் 2 நீலம். இந்த ரெண்டும் தண்ணி கலந்தே வாறவை, அப்படியே ஊத்தலாம். செறிவாக வாற போத்தல் என்டா, பட்டரிக்கு ஊத்துற வடிநீரைக் கலக்கணும். பார்க்க வேண்டியது நிறத்தையல்ல. மெனுவல் சொல்ற வகையும் போத்தலில் எழுதியிருக்கிற வகையும் ஒன்டா என்டுதான். கண்டதையும் கலந்தா சேர்மானங்கள் பலனில்லாமப் போகும். சூட்டோட மூடியைத் திறக்கவும் கூடாது. கூலன்ட் இனிக்கிற நஞ்சு. பிள்ளைகளுக்கு எட்டாம வைக்கணும்.

"மெனுவல் ஜப்பான் மொழியில இருக்கே?" ஃபோன் கெமராவைப் பிடிச்சா தமிழில வாசிக்கலாம். கலைப்பீடத்துப் பிள்ளைக்கு இதெல்லாம் என்னத்துக்கு என்டு கூட்டாளிமார் சிரிச்சாங்க. வாசிக்கிறதுதானே நம்ம வேலை?

2020இல் நிறுத்தின வாகன இறக்குமதி 2025இல் திறந்தாலும், புது வேன் வாங்க மாமாவால ஏலாது. இருக்கிற வேனாலதான் அந்த வீட்டில அடுப்பு எரியணும். உங்க வீட்டு வண்டியில என்ன ஊத்தியிருக்கு என்டு இண்டைக்கே கேளுங்க. "தண்ணிதான்" என்டு பதில் வந்தா, மெனுவலை நீங்களே கையில எடுங்க.