முதலில் மைதானம், பிறகு விமானம்

பெட்டி மேல் அச்சிட்ட படத்தைப் பார்த்து ரிமோட் விமானம் வாங்குகிறவர்கள்தான் அதிகம். போர் விமானம் போலக் கூர்மையான மூக்கு, பின்னோக்கிச் சாய்ந்த இறக்கை, வாலில் நட்சத்திரம். பையனின் கண் விரிகிறது, அப்பாவின் பர்ஸ் திறக்கிறது. பெரும்பாலும் முதல் ஞாயிற்றுக்கிழமையே அந்த விமானத்துக்குக் கடைசி ஞாயிற்றுக்கிழமையாகவும் ஆகிவிடுகிறது.

தமிழ் வீடுகளில் இந்த ஆசையைக் கிளப்பிவிட்டதில் நடிகர் அஜித்துக்குப் பங்கு உண்டு. ரிமோட் விமானங்களில் அவருக்கிருந்த ஈடுபாடுதான் அவரைச் சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி.யின் தக்ஷா மாணவர் குழுவுக்கு ஆலோசகராக்கியது. 2018இல் ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்தில் நடந்த ஆளில்லா விமானப் போட்டியில் அக்குழு இரண்டாமிடம் பெற்றது. ஆனால் அந்தப் புகழுக்கெல்லாம் அடியில் இருப்பது மிகச் சாதாரணமான, பார்ப்பதற்குச் சற்று அசடாகவே தெரிகிற ஒரு பொருள்: பயிற்சி விமானம்.

பயிற்சி விமானத்தை அடையாளம் காண்பது எளிது. இறக்கை உடலின் மேலே உட்கார்ந்திருக்கும். அதன் இரு நுனிகளும் லேசாக மேல்நோக்கி, அகலமாக விரிந்த ஆங்கில ‘வி’ எழுத்துப் போல இருக்கும். விமானம் ஒரு பக்கம் சாய்ந்தாலும் தானாகவே நிமிர இந்த அமைப்பு உதவுகிறது. எடைக்கு இறக்கை பெரிது. அதனால் வேகம் குறைந்தாலும் சட்டென்று விழாது. வேகம் மிகவும் குறைந்து, மூக்கு தூக்கி, இறக்கை காற்றின் பிடியை இழப்பதற்கு ஆங்கிலத்தில் ‘ஸ்டால்’ என்று பெயர். மொழிபெயர்ப்பவனுக்குச் சங்கடமான சொல். நமக்கு ஸ்டால் என்றால் டீக்கடை. விமானக்காரனுக்கோ அது முக்கால்வாசி விபத்துகளின் ஆரம்பம்.

வாங்கும்போது கவனிக்கச் சில விஷயங்கள். இறக்கையின் நீளம் ஒரு மீட்டருக்குக் குறையாமல் இருப்பது நல்லது. சின்ன விமானம் காற்றில் அலைபாயும், தூரத்தில் கண்ணுக்கும் தெரியாது. பால்சா மரத்தில் செய்தது அழகுதான், ஆனால் விழுந்தால் விறகு. வளைந்து கொடுக்கும் நுரைப் பொருளில் செய்தது உடைந்தாலும் பசை போட்டு ஒட்டிவிடலாம். எண்ணெய் எஞ்சினைவிட பேட்டரி மோட்டார் சுலபம். மோட்டார், மேலே கீழே, இடம் வலம் என்று மூன்று கட்டுப்பாடுகள் தொடக்கத்துக்குப் போதும்.

பணத்தில் பெரும்பங்கை விமானத்துக்கு அல்ல, கையில் பிடிக்கும் ரேடியோவுக்குச் செலவிடுங்கள். விமானங்கள் வரும், போகும். நல்ல ரேடியோ பல விமானங்களுக்கு உழைக்கும். இப்போதைய 2.4 கிகாஹெர்ட்ஸ் ரேடியோக்களில், பழைய செட்டுகளைப் போலப் பக்கத்து ஆளின் சிக்னல் குறுக்கிட்டு விமானத்தைக் கவிழ்க்கும் கவலை கிட்டத்தட்ட இல்லை. ஆசிரியரின் ரேடியோவோடு மாணவனின் ரேடியோவை இணைக்கும் வசதி இருக்கிறதா என்று மட்டும் கேளுங்கள். பையன் தடுமாறும்போது ஒரு விசையைத் தட்டி ஆசிரியர் விமானத்தைத் தன் கைக்கு வாங்கிக்கொள்ளலாம். கார் ஓட்டக் கற்றுத்தருகிறவரின் காலடியில் இன்னொரு பிரேக் இருப்பதைப் போல.

ஆசிரியர் ஏன் தேவை? விமானம் நம்மைவிட்டு விலகிப் போகும்போது வலம் வலமாகவே இருக்கும். திரும்பி நம்மை நோக்கி வரும்போது நமக்கு வலம் அதற்கு இடம். எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கமே குச்சியைத் தள்ள வேண்டும் என்பது பழைய சூத்திரம். சொல்வதற்கு ஐந்து விநாடி, கைக்கு வருவதற்குச் சில வாரம்.

இதுவரை சொன்னது எந்த ஊருக்கும் பொருந்தும். என்னிடம் இதைக் கேட்டவர் சீத்தா கேம்பில் தையல் வேலை செய்யும் ஒரு தகப்பனார். மகன் ஒன்பதாம் வகுப்பு. “எந்த பிளேன் வாங்கலாம், சார்?” என்றார். எங்கே பறக்கவிடப் போகிறீர்கள் என்று நான் திருப்பிக் கேட்டேன். பதில் இல்லை. சீத்தா கேம்பில் அந்தக் கேள்விக்குப் பதில் கிடையாது.

காரணம் கொஞ்சம் பழையது. டிராம்பேயில் ஜனதா காலனி என்றொரு குடியிருப்பு இருந்தது. தமிழர்கள் நிறைய. பக்கத்திலிருந்த பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்த நிலம் தேவைப்பட்டது. கோலார் தங்கவயலிலிருந்து வந்த ஜோக்கின் அற்புதம், அங்கே நின்று போராடித்தான் குடிசைவாசிகளின் தலைவரானார். 2000இல் மகசேசே விருது பெற்றார். ஆனால் 1976இல், அவசரநிலைக் காலத்தில், சுமார் 70 ஆயிரம் பேர் காலனியிலிருந்து அகற்றப்பட்டார்கள். அவர்களுக்குக் காட்டப்பட்ட கழிமுக ஓரத்துச் சதுப்பு நிலம்தான் சீத்தா கேம்ப்.

அணு மையம் இன்றும் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. மணிக்கு 40 கிலோமீட்டரில் பறக்கும் பயிற்சி விமானம் பத்து விநாடியில் 110 மீட்டர் போய்விடும். கைதவறிய பொம்மை அந்த மதிலைத் தாண்டி விழுந்தால், எடுத்துத் தரச் சொல்லிக் கேட்க முடியாது. போலீஸ் விசாரணைதான். ஆளில்லாமல் தொலைவிலிருந்து இயக்கப்படும் விமானங்களை 2021ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள் கட்டுப்படுத்துகின்றன. வான்பரப்பு சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரிக்கப்பட்டிருக்கிறது. சிவப்பில் மத்திய அரசின் அனுமதியின்றிப் பறக்கக் கூடாது. மும்பை போலீஸ் அவ்வப்போது போடும் தடையுத்தரவுகளில் ட்ரோனோடு ரிமோட் சிறுவிமானங்களும் சேர்க்கப்படுகின்றன. பொம்மைதானே என்ற வாதம் எடுபடாது.

இன்னொரு ஆபத்து வீட்டுக்குள். இந்த விமானங்களின் லித்தியம் பேட்டரி அடிபட்டாலோ, தவறாக சார்ஜ் செய்தாலோ தீப்பிடிக்கும். பத்துக்குப் பதினைந்து அடி அறையில், துணிக்கட்டுகளுக்கு நடுவே, எல்லோரும் தூங்கும்போது அதை சார்ஜ் போடக் கூடாது. அதற்குரிய சார்ஜரில், வெறும் தரையில், ஆள் பார்த்திருக்க. அடிபட்டு உப்பிய பேட்டரியை மறுபடி தொடவே கூடாது.

அப்படியானால் ஆசையை மூட்டை கட்ட வேண்டுமா? வேண்டாம், வரிசையை மாற்றினால் போதும். முதலில் கம்ப்யூட்டரில் ஓடும் பயிற்சி மென்பொருள். அங்கே நூறு தடவை விழுந்தாலும் செலவில்லை, இட வலக் குழப்பம் அங்கேயே தீரும். கூடவே தெர்மகோல் தகட்டில் கையால் எறியும் கிளைடர். மூக்கில் சிறிது களிமண்ணை ஒட்டி எடை மையத்தை முன்னே பின்னே நகர்த்திப் பார்த்தால், விமானம் ஏன் பறக்கிறது, ஏன் தலைகுப்புற விழுகிறது என்பது விளங்கிவிடும். கூரை மேல் நின்று பட்டம் விடும் பையனுக்குக் காற்றைப் பற்றி ஏற்கெனவே பாதி தெரியும். மூன்றாவது, என்.சி.சி. விமானப் பிரிவு உள்ள பள்ளியோ கல்லூரியோ கிடைத்தால் சேர்ந்துவிடுவது. மாதிரி விமானம் செய்வதும் பறக்கவிடுவதும் அங்கே பாடத்திலேயே உண்டு. கடைசியாகத்தான் கடை. அதுவும், நகருக்கு வெளியே பச்சைப் பகுதியில் வெட்டவெளியும், கூட வரத் தெரிந்த ஆளும் கிடைத்த பிறகு.

இது ஏழைக்கான குறுக்கு வழி அல்ல. 1871இல் பாரிஸில் அல்ஃபோன்ஸ் பெனோ பறக்கவிட்ட மாதிரி விமானம் முறுக்கிய ரப்பரால் ஓடியது. 11 விநாடியில் 40 மீட்டர் போனது. அவர் வடிவமைத்த ரப்பர் பொம்மை ஒன்றை 1878இல் அமெரிக்கப் பாதிரியார் ஒருவர் தம் பிள்ளைகளுக்கு வாங்கி வந்தார். அது உடைந்ததும் பையன்கள் தாங்களே புதிதாகச் செய்துகொண்டார்கள். அந்தப் பையன்கள் ரைட் சகோதரர்கள்.

அணு மையத்துக்கு நிலம் வேண்டுமென்று ஒரு சமூகத்தையே பெயர்த்த நகரம், அந்தச் சமூகத்தின் பேரப்பிள்ளைகளுக்கு வானத்தைத் தர முடியாமல் போகலாம். பாதுகாப்பு என்பது சரியான காரணம்தான். ஆனால் கிளைடர் எறிய வானம் வேண்டியதில்லை, ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய ஹால் போதும். சீத்தா கேம்ப்பின் பள்ளிகளில் ஒன்று மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் திறந்துவைக்கலாம். தெர்மகோலுக்கு ஆகும் செலவைத் தையல்காரர்களே பார்த்துக்கொள்வார்கள்.