அளவை யார் கையில்?

“நேற்று நன்றாகத்தானே இருந்தாய், இன்று என்ன வந்தது?” மேஸ்திரி கேட்கும் இந்தக் கேள்வி நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. காய்ச்சல் என்றால் தொட்டுப் பார்க்கலாம். அடிபட்டால் ரத்தம் தெரியும். வெளியே ஒன்றும் தெரியாமல் உள்ளே நரம்பைக் கெடுக்கும் நோய்க்கு யார் சாட்சி சொல்வது?

மல்ட்டிபிள் ஸ்கிலிரோசிஸ் அப்படிப்பட்ட நோய். ஆலையில் மோட்டாருக்குப் போகும் வயரை நினைத்துக்கொள்ளுங்கள். மேல் உறை தேய்ந்தால், கம்பி அறாவிட்டாலும் கரண்டு சரியாகப் போய்ச் சேராது. மூளையிலும் தண்டுவடத்திலும் உள்ள நரம்புகளுக்கும் இப்படி ஓர் உறை உண்டு. நோயை எதிர்க்க வேண்டிய உடம்பின் சொந்தப் படையே அந்த உறையைத் தாக்குகிறது. ஒரு சமயம் கண் மங்கும். ஒரு சமயம் கால் மரத்துப்போகும். பிறகு தெளிந்ததுபோல் இருக்கும்; மறுபடி வரும். தூங்கி எழுந்தாலும் தீராத அசதி வேறு. உஷ்ணத்தில் எல்லாம் கூடும். பெரும்பாலும் 20 முதல் 40 வயதுக்குள், அதாவது உழைக்கிற வயதில், பிடிக்கிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கே அதிகம். குளிர் நாடுகளில் மிகுதி. நம் நாட்டில் குறைவுதான், ஆனால் இல்லாமல் இல்லை. உலகில் சுமார் 28 லட்சம் பேருக்கு இந்நோய் இருப்பதாக 2020-ல் வெளியான கணக்கு கூறுகிறது.

நரம்பு டாக்டர் சில மாதங்களுக்கு ஒருமுறை, சில நிமிடங்கள் பார்க்கிறார். நடக்கச் சொல்கிறார்; கையை நீட்டச் சொல்கிறார். அன்று பார்த்து நோயாளி தெம்பாக இருந்தால்? இடையில் தடுமாறி விழுந்த நாட்களெல்லாம் கணக்கில் ஏறாமலே போய்விடுகின்றன.

இந்தக் குறையைத் தீர்க்கத்தான் செல்போன் வருகிறது. சுவிட்சர்லாந்தின் ரோஷ் கம்பெனி ‘ஃபிளட்லைட்’ என்ற செயலியைச் செய்தது. ஸ்பெயினில் பார்சிலோனாவிலும் அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவிலும் 76 நோயாளிகளும் நோயில்லாத 25 பேரும் 24 வாரம் அதை வைத்துப் பார்த்தார்கள். சோதனைகள் எளியவை. திரையில் தோன்றும் தக்காளியை இரு விரலால் நசுக்க வேண்டும். விரலால் உருவம் வரைய வேண்டும். போனை உடம்போடு வைத்துக்கொண்டு அசையாமல் நிற்க வேண்டும். இரண்டு நிமிடம் நடக்க வேண்டும். நடந்து திரும்ப வேண்டும். கை நடுங்குவதையும் திரும்பும்போது கால் தயங்குவதையும் போனுக்குள் இருக்கும் உணர்கருவிகள் பதிந்துகொள்கின்றன. ஆஸ்பத்திரிச் சோதனைகளோடு இந்த அளவுகள் ஓரளவு ஒத்துப்போயின. குறைகளும் உண்டு. போனை வீட்டில் வைத்துவிட்டுப் போனால் நடை பதிவாகாது. செய்யச் செய்யக் கை பழகிவிடுவதால் நோய் குறைந்ததுபோலவும் தோன்றலாம். தினமும் செய்வதில் சலிப்பும் வரும்.

கருவியை நாம் வரவேற்கிறோம். ஆனால் ஒன்று கேட்கிறோம்: பதிவாகும் கணக்கு யாரிடம் போகிறது? களத்தில் மரக்காலைப் பிடித்தவன் கை எப்படி விளையாடும் என்று கூலிக்கு அறுத்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஸ்டாப்வாட்சோடு ஆள் வந்து நின்றால் அடுத்த மாதம் வேலைப்பளு ஏறும் என்பது ஆலைத் தொழிலாளிக்கும் தெரியும். அளந்தது குற்றமல்ல, அளந்தது யாருக்காக என்பதே கேள்வி. செயலியைச் செய்த கம்பெனியே இந்நோய்க்கு ஆக்ரிலிசுமாப் என்ற மருந்தையும் விற்கிறது. நோய் எவ்வளவு முற்றியது, மருந்து எவ்வளவு கேட்டது என்று காட்டும் கணக்கு, மருந்து விற்பவன் கைக்கு மட்டும் போய்ச் சேரலாமா?

நம் நாட்டுக்கு வருவோம். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, இந்த நோயைப் பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. இடஒதுக்கீடு போன்ற சலுகைகளுக்கு 40 சதவீத ஊனம் என்று சான்று வேண்டும். வந்து வந்து போகும் நோயை ஒரே நாளில் பார்த்துச் சதவீதம் போட்டால் அது என்ன நியாயம்? நோயாளி கொண்டுவரும் ஆறு மாதப் பதிவையும் மருத்துவர்கள் பார்க்கட்டும். போன் வாங்க வழியில்லாதவன் சொல்லும் சொல்லும் அதனால் எடை குறையக் கூடாது.

இன்னொரு பக்கமும் உண்டு. வேலையில் இருக்கும்போது ஊனம் வந்தால் வேலையைவிட்டு நீக்கக் கூடாது என்று அதே சட்டத்தின் 20-வது பிரிவு சொல்கிறது. ஆனால் அது அரசு நிறுவனங்களுக்கு மட்டுமே. தனியார் ஆலையில் ரிங் பிரேமில் நிற்கும் பெண்ணின் விரல் பதிவு மானேஜர் மேஜைக்குப் போனால் என்ன நடக்கும்? “உன் கை வேகம் குறைந்துவிட்டது” என்று கணக்கைக் காட்டியே வீட்டுக்கு அனுப்புவார்கள். ஆகவே நோயாளி எழுதிக் கொடுத்தாலன்றி இந்தக் கணக்கு நிர்வாகத்துக்கோ இன்சூரன்ஸ் கம்பெனிக்கோ போகக் கூடாது. வேலைக்குச் சேரும்போதே அப்படி எழுதி வாங்கிக்கொள்வதும் செல்லக் கூடாது. 20-வது பிரிவைத் தனியார் ஆலைகளுக்கும் நீட்ட வேண்டும்.